நாற்காலிகளை எண்ணினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு மாநிலத்தின் அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவில் மாற்றம் வரலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், இந்தியர்களுக்கு எத்தனை இடம் என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. 2008-இல் பேராசிரியர் பி. இராமசாமி இரண்டாவது துணை முதலமைச்சரானபோது நாம் அடைந்த பெருமிதமும், 2023 தேர்தலில் அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டபோது பலருக்கு ஏற்பட்ட மனவருத்தமும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. ஆயினும், முதலமைச்சரோடு சேர்த்துப் பதினொரு பேர் அமரும் அந்தக் குழுவில் எந்தப் பொறுப்பு யாரிடம் போகிறது, அது கைமாறும்போது நிலுவையில் உள்ள கோப்புகள் என்ன ஆகின்றன என்பதைப் பற்றி நாம் போதிய அக்கறை காட்டுவதில்லை.

கல்வி கூட்டரசின் அதிகாரத்தில் இருந்தாலும், நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றுக்குக் கூடுதல் நிலம் வேண்டுமென்றாலும், மேம்பாட்டுத் திட்டத்தால் ஓர் ஆலயம் இடம் மாற வேண்டியிருந்தாலும், மாநில அரசிடம்தான் போய் நிற்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆலய நிர்வாகம், நில விண்ணப்பத்திற்காகப் பல ஆண்டுகளாக அலைகிறது. பொறுப்பாளர் மாறிய பிறகு, அளவை வரைபடம், பழைய கடிதங்கள், சந்திப்புக் குறிப்புகள் என எல்லாவற்றையும் மீண்டும் நகலெடுத்து, முதலிலிருந்து விளக்கச் சொன்னார்கள். முன்பு வாய்மொழியாகக் கிடைத்த உறுதிமொழிக்கு எந்தக் கோப்பிலும் பதிவில்லை. அந்தச் செயலாளரின் முகத்தில் தெரிந்த சோர்வுதான் என்னை இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

இதற்கு மாறான முன்னுதாரணமும் இங்கேயே இருக்கிறது. 2023-இல் வீடமைப்புப் பொறுப்பு ஜக்டீப் சிங் டியோவிடமிருந்து பிறை சட்டமன்ற உறுப்பினர் சுந்தராஜூ சோமுவிடம் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பழுதுபார்ப்புச் செலவில் 80 விழுக்காடு வரை மாநில அரசே ஏற்கும் திட்டம் அதனால் நின்றுவிடவில்லை. யார் விண்ணப்பிக்கலாம், குடியிருப்பாளர்கள் எவ்வளவு போட வேண்டும் என்பதெல்லாம் விதிகளாக வகுக்கப்பட்டிருப்பதால், லிஃப்ட் பழுதானால் எங்கே போவது என்பது மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி, ஆலய நில விவகாரங்களும் இப்படி விதிகளின் கீழ் வர வேண்டுமே தவிர, ஒருவருடைய நல்லெண்ணத்தை நம்பி நடக்கக் கூடாது.

ஆகவே, ஆட்சிக்குழுவில் பொறுப்பு மாறும் ஒவ்வொரு முறையும், பதவி விலகுபவர் நிலுவையிலுள்ள நில விண்ணப்பங்களையும் தாம் அளித்த வாக்குறுதிகளையும் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்க வேண்டும். அதில் தங்கள் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை விண்ணப்பதாரர்களுக்கு ஒரு மாதத்திற்குள் கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். தற்போதைய ஆட்சிக்குழுவில் உள்ள இந்திய உறுப்பினர்கள் இருவரும் இக்கோரிக்கையை முதலமைச்சரிடம் முன்வைக்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு