ஞாயிறு பின்னேரம் தாரா சிலை பார்ப்போம்

வணக்கம் உறவுகளே. ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு வாசிகசாலையில் பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலைப் படங்களைத் திரையில் போடுகிறோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்தது. 8ஆம் நூற்றாண்டு வெண்கலம், பொன்முலாம், 143 சென்ரிமீற்றர் உயரம், உள்ளே கூடில்லாத முழு வார்ப்பு. இலங்கையின் முன்னாள் பிரித்தானிய ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மேலாடை இல்லையென்று 30 வருசமளவில் பொதுமக்களுக்குக் காட்டவேயில்லை. ஆய்வாளருக்கு மட்டும்தான் அனுமதி. எங்கட கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த ஆக்களுக்குச் சிரிப்புத்தான் வரும்! வலக்கையின் வரத முத்திரையையும் (வரம் கொடுக்கும் கைநிலை) சடைமுடியில் இருக்கும் வெறுங்குழியையும் பெரிதாக்கிப் பார்ப்போம். அந்தக் குழியில் என்ன இருந்திருக்கும் என்று யோசிச்சுக்கொண்டு வாங்கோ. புரொஜெக்டர் இருக்கு, நீளமான வயர் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்கு முன் இங்கே சொல்லுங்கோ.