மூன்றாம் இரவைக் கடக்க வைத்தவர்களுக்கு நன்றி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு போதை மீட்பு சிகிச்சைக்குத் துணை போகிற நாங்கள், எங்களுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் எழுதும் மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே சொல்லிவிட்டீர்கள். அதனால் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம். நாளைக்கு முதல்முறையாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும் வீட்டார் இதைப் படித்தால், உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

முதலில் போன் எடுப்பவர்களுக்கு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கேரள எக்சைஸ் துறையின் போதை எதிர்ப்பு இயக்கமான விமுக்தியின் 14405, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416. மூன்றுமே காசில்லாத எண்கள். டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். "பெட் கிடைக்கிற வரைக்கும் ரூமில போட்டுப் பூட்டி வெக்கறோம்" என்று சொல்லும் அப்பாக்களை நீங்கள் உடனே தடுக்கிறீர்கள். பல உயிர்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வார்த்தை. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசி கிளாஸ் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் வரலாம். அல்பிரசோலம், நைட்ரசெபம் மாதிரி தூக்க மாத்திரைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. அவற்றை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஹெராயின் நிறுத்தினால் உடம்பு படும் பாடு பெரிது என்றாலும் ஃபிட்ஸ் பொதுவாக வராது. டிராமடால் என்ற வலி மாத்திரைக்கு வரலாம். ஆகவே எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியாக எத்தனை மணிக்கு என்ற நான்கு கேள்விக்கும் பதில் எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வீட்டில் கிடக்கும் காலி மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு நாம் சொல்லும் கதையைவிட அந்த அட்டை அதிகம் சொல்லும்.

அடுத்து ஓபி கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் சேச்சிகளுக்கும், அங்கே மொழிபெயர்க்க வந்து நிற்கும் பிள்ளைகளுக்கும். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மலையாள ஃபாரம் படிக்கத் தெரியாது. பேச்சு ஓரளவு புரியும். ஓரளவு புரிவதில்தான் சிக்கலே வருகிறது. "வலிக்காறுண்டோ?" என்று டாக்டர் கேட்டால், பீடியோ கஞ்சாவோ புகைக்கிற பழக்கம் உண்டா என்று பொருள். நம் ஆள் உடம்பு வலிக்கிறதா என்று நினைத்து "இல்லைங்க" என்று சொல்லிவிடுவார். கேஸ் ஷீட்டில் புகைப்பழக்கம் இல்லை என்று ஏறிவிடும். இதே மாதிரி, ராத்திரி கை கால் குடைச்சலில் அவர் "வலிக்குது" என்று அழும்போது, மலையாளத்தில் வலி என்றால் வேறு என்பதால் புதிதாக வந்த நர்ஸ் குழம்பிப்போவார். அங்கே வேதனை என்று சொல்ல வேண்டும். வாந்திக்கு சர்தி, வலிப்புக்கு அபஸ்மாரம், மாத்திரைக்கு குளிகை, பதறிப் பதறி வருவதற்கு வெப்ராளம். இந்த ஐந்து சொல்லையும் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டிவைத்த கைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சேர்க்கும் நாளில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளேடு, பெல்ட், நாடா வைத்த டிராயர், ஸ்பிரிட் கலந்த சானிடைசர், ஆஃப்டர்ஷேவ், இருமல் மருந்து எல்லாம் வெளியே போய்விடும். பெரும்பாலான இடங்களில் செல்போனும் வாங்கி வைப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பழைய சீட்டுகள், நாலு செட் துணி, மூக்குக் கண்ணாடி போதும். ரத்தத்தில் சர்க்கரை, கல்லீரல், மஞ்சள் காமாலை பி, சி பார்ப்பார்கள். எச்ஐவி சோதனைக்கு அவரது சம்மதம் கேட்க வேண்டும், அது சட்டம். சிறுநீர் சோதனையும் உண்டு. தினமும் கஞ்சா இழுத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம்வரைகூட அதில் காட்டலாம். அதைப் பார்த்துவிட்டு "உள்ளே இருந்தும் இழுத்தியா" என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிபி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் ரிஃபாம்பிசின், ஹெராயின் பழக்கத்துக்கு இங்கே கொடுக்கப்போகும் புப்ரினார்ஃபின் போன்ற மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இப்போது, இந்த மடலை எழுத வைத்தவர்கள்: ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள்.

முதல் நாள் அநேகமாக எல்லாரும் தைரியமாக இருப்பார்கள். இரண்டாம் நாள் எரிச்சல். மூன்றாம் நாள் ராத்திரிதான் "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்ற அழுகை. பொருள் வேறு வேறாக இருந்தாலும் உச்சம் அந்த நேரத்தை ஒட்டியே வருகிறது. ஹெராயின், டேப்பண்டடால் என்ற வலி மருந்து ஊசி பழக்கம் என்றால் 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுப்போக்கும் எலும்புக் குடைச்சலுமாக ஏறி, ஐந்து முதல் ஏழு நாளில் இறங்கும். குடி என்றால் 48 மணி நேரத்துக்குப் பிறகு சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், கட்டிலில் உட்கார்ந்தபடியே வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவார். ஜுரமும் ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். இது பைத்தியம் பிடித்ததும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும், கவனித்தால் சில நாளில் தெளியும். கஞ்சா விட்டவருக்குத் தூக்கம் போகும், பசி போகும், கெட்ட கனவு வரும். இரண்டு வாரம் இழுக்கும்.

சிஸ்டர் வந்து "ரெண்டு கையும் நீட்டுங்க, விரலை விரிங்க" என்பார். பார்ப்பதற்கு நடுக்கமே இருக்காது. தன் விரல் நுனிகளை அவர் விரல் நுனிகளோடு மெல்ல ஒட்டிவைத்து ஒரு நிமிஷம் நிற்பார். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் விரலுக்குத் தெரியும். வியர்வை, நாடி, குமட்டல், சத்தம் கேட்டால் திடுக்கிடுவது எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, கூட்டி, அதற்குத் தக்கபடி மாத்திரை அளவை வைக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் இதற்காக எழுப்புவார்கள். "தூங்கறவனை எதுக்கு எழுப்பறீங்க" என்று கோபித்துக்கொண்ட குடும்பங்கள் சார்பிலும் சேர்த்தே நன்றி சொல்கிறோம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று நீங்கள் திரும்பவும் பார்ப்பதற்கும் நன்றி. குடிகாரர் உடம்பில் அந்த பி1 சத்து வற்றியிருக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் தின்றுவிட்டால் மூளை பாதிக்கும், கண் அசைவு கெடும், நடை தள்ளாடும். நினைவு நிரந்தரமாகப் போனவர்களும் உண்டு.

எம்டிஎம்ஏ, மெத்து (மெத்தாம்ஃபெட்டமின்) மாதிரி கிளர்ச்சி தரும் போதைப்பொருள் எடுத்த இளவட்டங்களுக்குக் கதை தலைகீழ். முதல் இரண்டு மூன்று நாள் தூங்குவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள். பையன் தேறிவிட்டான் என்று அம்மா சந்தோஷப்படுவார். அதற்குப் பின்னால் வருவது வெறுமை, சாக வேண்டும் என்ற எண்ணம். குடிக்கும் ஹெராயினுக்கும் இருப்பதுபோல் இதற்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது. ஆள் பக்கத்தில் இருப்பதுதான் காவல். பாத்ரூம் கதவை உள்ளே தாழிட விடாத வார்டு உதவியாளர்களை யாரும் திட்ட வேண்டாம்.

டாக்டர்களுக்கும் மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும். "போதையை விட வந்தவனுக்கு இன்னொரு போதையா?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிதாகக் கேட்டதுபோலவே பொறுமையாகப் பதில் சொல்கிறீர்கள். குடிக்குக் கொடுக்கும் குளோர்டயாசெபாக்சைடு முதல் நாள் அதிகமாக இருந்து, தினம் தினம் குறைந்து, ஒரு வாரத்தை ஒட்டி நின்றுவிடும். ஹெராயினுக்குக் கொடுக்கும் புப்ரினார்ஃபினின் கதை வேறு. பலருக்கு மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் தேவைப்படும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதை நாக்குக்கு அடியில் வைத்து, பேசாமல், எச்சில் விழுங்காமல், முழுக்கக் கரையும்வரை ஐந்து பத்து நிமிஷம் இருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். சில இடங்களில் பொடித்தே வைப்பார்கள், பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். மாத்திரையை மறைத்து எடுத்துப்போய் வெளியே விற்பவர்கள் இருப்பதால் எல்லாருக்கும் இந்தச் சோதனை. கடைசி ஹெராயின் எப்போது என்பதில் பொய் சொன்னால் இங்கேதான் மாட்டிக்கொள்ள வேண்டும். உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே இந்த மருந்து போனால், ரெண்டு நாள் வேதனை ஒரு மணி நேரத்தில் வந்து விழும். கொட்டாவியும் மயிர்க்கூச்சமும் தெரிந்த பிறகுதான் முதல் வேளை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். குடியை மறக்க வைக்கும் பொடி என்று குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். அப்படி விற்பதில் டைசல்ஃபிராம் இருந்தால், அவர் தெரியாமல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அந்த மருந்து நல்ல மருந்துதான். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட்டால்.

சட்டம் சொல்லித்தந்த வக்கீல் நண்பர்களுக்கு. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ளவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுக்கிறது. பாதியில் ஓடினால் அந்தப் பாதுகாப்பு போகலாம். விற்றவருக்கு இது பொருந்தாது. 2017 மனநலச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைகளையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அதனால் சேர்பவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், அடிப்பதும் சங்கிலி போடுவதும் குற்றம், தனக்காகப் பேச ஒருவரை அவரே நியமித்துக்கொள்ளலாம். ராத்திரி வேன் வைத்து ஆளைத் தூக்கிப்போய், மூன்று மாதம் வீட்டாரைப் பார்க்க விடாமல், தடியால் திருத்துகிற இடங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடந்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் நாலே விஷயம் பாருங்கள்: மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், ராத்திரி நர்ஸ் இருக்கிறாரா, பார்வையாளர் நேரம் என்ன. ராத்திரி நர்ஸ் இல்லாத இடத்தில் குடிகாரரைச் சேர்க்காதீர்கள்.

பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக வந்து தரையில் பாய் விரித்துப் படுத்த அம்மாக்களுக்கும் சம்சாரங்களுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அழுகைக்கு இரங்கி ஒரு குவார்ட்டரை முந்தானையில் மறைத்துக் கொண்டுவராமல் இருந்தீர்கள். பீடிக் கட்டையும் கொண்டுவரவில்லை. ஓஆர்எஸ் தண்ணியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தீர்கள். கஞ்சியும் பயறும் உப்புப் போட்டு, கேட்கிற நேரத்தில் சூடாக அனுப்பிய சமையல்கட்டு ஆட்களும் இதில் சேர்த்தி. வாந்தி நின்ற பிறகு அவர் முதன்முதலாக "பசிக்குது" என்று சொல்லும் காலை, வார்டு முழுக்கத் தெரியும்.

இனி கவுன்சிலர்களுக்கு. இரண்டாம் வாரத்தைப் பற்றி வேறு யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்கிறீர்கள். உடம்பு தேறியிருக்கும், "எனக்கு எல்லாம் சரியாயிருச்சு, வேலைக்குப் போகணும்" என்பார். காலை எழுந்தால் வகுப்பு, குழுப் பேச்சு, தனியாகப் பேச்சு, மறுபடி குழு. சலிப்பு கொன்று எடுக்கும். கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிறவர்கள் இந்தச் சமயத்தில்தான் அதிகம் கிளம்புகிறார்கள். எந்த நேரத்தில் ஆசை வருகிறது, யாரைப் பார்த்தால் வருகிறது, கையில் எத்தனை ரூபாய் இருந்தால் வருகிறது என்று நோட்டில் எழுதச் சொல்லும் உங்கள் பொறுமையை நாங்கள் பார்த்திருக்கிறோம். சம்பள நாளும் சனிக்கிழமைச் சாயங்காலமும் அந்த நோட்டில் அடிக்கடி வரும்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒன்றை மட்டும் வீட்டார் அத்தனை பேரும் கேட்கும்படி நீங்கள் சொல்கிறீர்கள், நாங்களும் இங்கே எழுதிவிடுகிறோம். ஊசி, ஹெராயின் பழக்கத்திலிருந்து வந்தவர் இடையில் வழுக்கிப் பழைய அளவையே எடுத்தால், அந்த அளவைத் தாங்கிய உடம்பு இப்போது இல்லை. மூச்சு நின்றுவிடும். உதடு நீலமாகி, குறட்டை மாதிரிச் சத்தம் வந்து, தட்டினால் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும், என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெராயினின் வேகத்தை முறிக்கும் நாலோக்சோன் ஊசி அந்த நேரத்தில் வேலை செய்யும்.

மருந்து தீர்வதற்கு முன்பே அடுத்த தேதியை நினைவுபடுத்திப் போன் செய்யும் பழைய ஆட்களுக்கு, அதாவது தாங்களே விட்டு வருஷங்கள் ஆனவர்களுக்கு, நன்றி. புப்ரினார்ஃபின் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. பதிவு செய்த மையத்துக்கே திரும்ப வர வேண்டும் என்பதால், கோயமுத்தூருக்கு வேலை மாறிப் போகிறவர்களுக்கு அங்குள்ள மையத்துக்குக் கடிதம் வாங்கித் தருவதும் நீங்கள்தான்.

கடைசியாக, ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகா கள்ளுக்குப் பேர்போன மண். எந்தச் சாலையில் போனாலும் ஷாப்பு, அதாவது கள்ளுக்கடை இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவரை ஏற்றிக்கொண்டு, அவர் வழக்கமாக இறங்கும் ஷாப்பு இல்லாத வழியாக, தென்னந்தோப்புக்குள் சுற்றி, வீட்டு வாசலில் விடுகிறீர்கள். சுற்றிப்போன தூரத்துக்குக் காசு கேட்டதே இல்லை.

அன்புடன்,
எல்லையோரத்தில் துணைக்குப் போகிறவர்கள்