கில்பெக் போவதானால்

அன்புள்ள ராஜேந்திரா,

கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு பர்மிங்காமில் வேலை உறுதியானதில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். அக்டோபரில் அவளோடு தங்கும்போது, கூட்டமில்லாத இடமாக ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டிருக்கிறாய். உனக்குச் சிற்பப் பைத்தியம் உண்டு. அதனால் கில்பெக் என்கிறேன்.

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்டுஷயர் மாவட்டத்தில் சின்னஞ்சிறு கிராமம் அது. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ஹெரிஃபோர்டுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து தென்மேற்கே 14 கி.மீ. பஸ்ஸை நம்பாதே, டாக்சி பிடி. இறங்கும்போதே திரும்பிப் போவதற்கும் அதே வண்டியைப் பேசி வைத்துக்கொள். அங்கே நின்றுகொண்டு போனில் வண்டி தேடுவது பெரும்பாடு. சாப்பாடும் தண்ணீரும் ஹெரிஃபோர்டிலேயே வாங்கிவிடு.

புனித மேரி, புனித டேவிட் பெயரிலான அந்த சர்ச் 1140 வாக்கில் கட்டியது. கோபுரம் கிடையாது. நீள்கூடம், அதைவிடக் குறுகிய பலிபீட மண்டபம், கிழக்கே அரைவட்ட முடிவு, அவ்வளவுதான். பலர் நேரே உள்ளே நுழைந்து, பத்து நிமிடத்தில் பார்த்து முடித்து ஏமாந்து போகிறார்கள். சரக்கு முக்கால்வாசி வெளிச்சுவரில் இருக்கிறது. நம் கோயில்களில் கொடுங்கைக்குக் கீழே குட்டிப் பூதங்களின் வரிசையாகப் பூதவரி ஓடுமே, அதுபோல இங்கே கூரை விளிம்பின் கீழ் உருவங்கள் செதுக்கிய கல்தாங்கிகள் வரிசையாக நீண்டிருக்கின்றன. முதலில் 91, இப்போது 85. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. வேட்டை நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில், பார்ப்பதற்கு இன்றைய கேலிச்சித்திரம் மாதிரியே இருக்கும். கால் விரித்து யோனியைக் காட்டும் ஷீலா-ந-கிக் பெண்ணும் உண்டு. காமத்துக்கு எச்சரிக்கை என்பார் சிலர், தீங்கு விரட்டும் காப்பு என்பார் சிலர். எனக்கு இரண்டாவதுதான் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

வெயிலை வைத்துச் சுற்றும் வரிசையைத் தீர்மானி. காலை பத்து மணிக்குள் போய்விட்டால் கிழக்கு அரைவட்டத்தை முதலில் பார். அடுத்தது தெற்கு வாசல். அக்டோபரில் அங்கே பகல் ஒரு மணி வாக்கில்தான் சூரியன் நேர் தெற்கில் நிற்கும். அப்போது ஒளி முகத்துக்கு நேராக விழுந்து செதுக்கல் தட்டையாகத் தெரியும். பதினொரு மணிக்குப் பக்கவாட்டு வெயிலில் கோடு கோடாக எழும்பி நிற்கும். கோடையில் போகிறவர்களுக்கு வேறு தொல்லை: சூரியன் உச்சியில் இருப்பதால் கூரை விளிம்பின் நிழல் தெற்குத் தாங்கிகளை மூடிவிடும். அக்டோபரில் வடக்குச் சுவருக்கு வெயிலே கிடையாது, கடைசியாகப் பார்த்தால் போதும். எட்டு மடங்கு பைனாகுலர் கட்டாயம்.

வாசலில் நிதானமாக நில். வெளித்தூண்களில் வாலை விழுங்கும் பாம்புகள் வரிசையாக இருக்கின்றன. உள்தூண் ஒன்றில் கூர்குல்லாயும் கால்சட்டையுமாக இரண்டு போர்வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். வாசலுக்கு மேலே அரைவட்டப் பலகையில் ஒரு மரம். வடகடல் வைக்கிங்குகளின் பாணியும் இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் பாணியும் ஒரே உளியில் கலந்தது இங்கேதான் அழகு. தொட்டுப் பார்க்கக் கை நீளும், வேண்டாம். சிவப்பு மணற்கல், நீர் ஊறினால் ஏடு ஏடாக உரியும். இவ்வளவு தப்பியதே இந்தக் கல் அந்த வகையில் உறுதியானது என்பதால்தான். மேற்கு முகப்பில் நாக்கைச் சுருட்டி நீட்டியிருக்கும் டிராகன் தலைகளை விட்டுவிடாதே.

உள்ளே பலிபீட வளைவின் தூண்களில் பக்கத்துக்கு மூன்றாக, ஒருவர் தலைமேல் ஒருவர் நிற்கும் திருத்தூதர்கள், அதாவது இயேசுவின் சீடர்கள். ஞாயிறு காலை ஆராதனை இருந்தால் முடியும்வரை வெளியே சுற்று. உண்டியலில் போடச் சில்லறை வைத்துக்கொள்.

சர்ச்சுக்கு மேற்கே கோட்டை மேடு இருக்கிறது. உச்சியில் இரண்டு மதில் துண்டுகள்தான் மிச்சம். ஈரப்புல்லில் சறுக்கும், கமலாவின் முழங்காலுக்கு அது வேண்டாம். மிச்ச நேரத்தை ஹெரிஃபோர்டு பேராலயத்துக்கு வை, 1300 வாக்கில் கன்றுத்தோலில் வரைந்த உலகப்படம் அங்கே இருக்கிறது.

ரயில் டிக்கெட்டை மீனாவிடம் சொல்லி முன்கூட்டியே எடுக்கச் சொல். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
சுந்தரம்