திருவிழா நாட்களுக்குத் தற்காலிக மலசலகூடம் கேட்டு நான்காவது தடவையாக எழுதும் கோரிக்கை மனு

மதிப்பிற்குரிய மாநகர ஆணையாளர் ஐயா அவர்களுக்கு,

பொருள்: ஆடிவேல் (கொழும்பில் முருகனின் வேல் ரதத்தில் வரும் திருவிழா) நாட்களில் செட்டியார் தெருப் பக்கம் வரும் சனத்துக்கு மலசலகூட வசதி செய்து தருதல்

ஐயா,

ஜிந்துப்பிட்டிக்கும் செட்டியார் தெருவுக்கும் இடையில் இருக்கிற எங்கள் தோட்டம் (நெருக்கமான வரிசை வீடுகள்) எது என்று ஐயாவுக்குச் சொல்லத் தேவையில்லை. டெங்குப் புகை அடித்த அன்று நீங்களே முடுக்கு வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். இருபத்திரண்டு வீடு, மூன்று பொது மலசலகூடம், ஒரு பைப். இந்த விஷயமாக ஏற்கெனவே இரண்டு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாவதை நானே கையில் கொண்டுவந்து கொடுத்து, பிரதியில் முத்திரையும் வாங்கினேன். முத்திரை பத்திரமாக இருக்கிறது. பதில்தான் இன்னும் வரவில்லை.

திருவிழா வேண்டாம் என்று நாங்கள் பெட்டிசம் எழுதவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கீழே உள்ளவற்றைக் கவனிக்கவும்.

1. மே தொடங்கி ஆகஸ்ட் வரை எங்கள் பகுதியில் சனத்துக்குக் குறைவில்லை. 1885இல் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏறிய விகாரை கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறது. புத்தரின் வெசாக் பண்டிகைக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் ஆள் நடமாட்டம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஆடிவேல். மேளம், நாதஸ்வரம், பேண்ட் வாத்தியம் எல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில் மோதித்தான் போகும். அதில் எங்களுக்குக் குறை இல்லை, சந்தோஷம்தான்.

2. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. வெசாக் தன்சலில் (இலவச அன்னதானப் பந்தலில்) மரவள்ளிக்கிழங்கும் கொத்தமல்லித் தண்ணியும். வேலுக்கு மோர், சர்பத், சுண்டல், கரும்பு. மோர் ஊற்றிக் கொடுக்கத் தெருவுக்கு நாலு பந்தல் போடுகிறார்கள். குடித்தவர்கள் பிறகு எங்கே போவார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

3. எங்கே போகிறார்கள் என்று நான் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். ஆண்கள் மதில் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள் (அந்த மதிலின் கதையை இந்த மனுவில் எழுத முடியாது). பெண்கள் என்ன செய்வார்கள்? பால்குடம் எடுத்தவர், கைக்குழந்தைக்காரி, தடியூன்றி வந்த கிழவி என்று எல்லோரும் முடுக்கில் வரிசையாக நிற்கிறார்கள். சாமி கும்பிட வந்தவர்களை எப்படிப் போ என்று சொல்வது? என் மனைவிக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), அடிக்கடி போக வேண்டும். தன் வீட்டு மலசலகூடத்துக்கு அவளும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறாள். மூன்றில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். போன ஆடிவேல் இரண்டாம் நாள் மத்தியானம் குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் மேலே ஏறி, படியைத் தாண்டி, முதல் மூன்று வீட்டு அடுப்படிவரை வந்தது. அன்று அந்த வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை.

அன்றிரவு நடந்ததையும் எழுத வேண்டும். மலையகத்திலிருந்து வளையல் விற்க வந்த ஒரு அம்மா, ஒன்பது மணிபோல, தட்டைத் தலையில் வைத்தபடி முடுக்கு வாசலில் நின்றார். விடியப்புறம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தவராம். “தண்ணி குடிச்சா போகணுமே, அதனால குடிக்கவே இல்லைங்க” என்றார். அடைத்துக்கிடந்த இடத்தைக் காட்டவும் எங்களுக்குக் கூச்சம். ஒரு வாளி தண்ணீர் கொடுத்து, என் மனைவி சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தவர் என் பேத்தியின் கையில் ஒரு டசின் பச்சை வளையலைத் திணித்துவிட்டுப் போனார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கக்கூசுக்குப் போனதற்குக் கூலி ஐயா அது! இவ்வளவு பெரிய கொழும்பில், திருவிழாவுக்கு வந்த ஒரு பெண் அதற்குக் கூலி கொடுக்கிறார். உங்கள் வீட்டுப் பெண்கள் அந்த வாசலில் நின்றிருந்தால் மூன்று கடிதமும் கோப்புக்குள் கிடக்குமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். ஆனால் அந்த வரியை வெட்டவில்லை.

4. கதிர்காம யாத்திரையில் வாந்திபேதி பரவியதால் அரசாங்கம் யாத்திரையைக் கட்டுப்படுத்தியது, அதனால்தான் 1874இல் கொழும்பிலேயே வேல் விழா தொடங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோய்க்குப் பயந்து இங்கே கொண்டுவந்த விழாவில் மலத்தண்ணீர் அடுப்படிக்குள் ஏறுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னாலே போதும். மூக்கே அவருக்கு வழி காட்டும்.

5. நாங்கள் கேட்பது: வெள்ளி ரதம் புறப்படும் நாளுக்கு முதல் நாளிலிருந்து, செட்டியார் தெரு முனையில் பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு இரண்டு தற்காலிக மலசலகூடம். தாழ்ப்பாளோடு. பக்கத்தில் ஒரு தண்ணீர் பவுசர் வண்டி.

6. அப்புறம், விழாவுக்கு முந்தின வாரம் எங்கள் தோட்டத்துக் குழாயை ஒரு தடவை அடைப்பெடுத்துவிட வேண்டும்.

7. விளக்கு. முடுக்கில் ஒரு விளக்கு.

ரதம் காலி முகத்திடல் வழியாகப் பம்பலப்பிட்டி போகிற பாதையில் பள்ளம் நிரப்புகிறார்கள், வெள்ளைக்கோடு போடுகிறார்கள், நல்லது. அந்தக் காசில் கொஞ்சம் இங்கேயும் வரட்டும். ஆறு மலசலகூடம் ஐயா. சில நாட்களுக்குத்தான். தயவுசெய்து இந்தத் தடவையாவது செய்து தாருங்கள்.

ஆடிவேலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பழைய மூன்று கடிதங்களின் பிரதியையும் இருபத்திரண்டு வீட்டாரின் கையெழுத்தையும் இணைத்துள்ளோம். வரும் திங்கட்கிழமை காலை நானே அலுவலகத்துக்கு வருகிறேன். ஐயா வெளியே போயிருக்கிறார் என்றால் பரவாயில்லை, வாசல் வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தோட்டத்து மக்கள் சார்பில்,
துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்