ஆண்டறிக்கை: பார்படோஸின் ஏழை வெள்ளையர்கள்

தலைவர் அவர்களுக்கும் வாசகர் வட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டது மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸின் ஏழை வெள்ளையர்களின் வரலாறு. ‘ரெட்லெக்ஸ்’, செங்கால்காரர்கள் என்று அங்கே கேலியாக அழைக்கப்பட்டவர்கள். பார்படோஸ் என்றால் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசலாமே என்று கேட்டவர்களும் உண்டு. மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக நடந்தன.

ஒப்பந்தக் கூலி என்றதும் நமக்கு மொரீஷியஸும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலும்தான் நினைவுக்கு வரும். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, 1627-இல் ஆங்கிலேயர் குடியேறிய இந்தத் தீவில், வெள்ளைக்காரர்களே அப்படி வந்து உழைத்திருக்கிறார்கள். கப்பல் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டு வேலை. கெடு முடிந்தால் பத்துப் பவுண்டு பணம், அல்லது 400 பவுண்டு எடைச் சர்க்கரை. எல்லோரும் விரும்பி வந்தவர்கள் அல்ல. 1649-இல் அயர்லாந்தின் டிரோஹெடா நகரம் வீழ்ந்தபோது, பிழைத்த வீரர்களை, நகரைப் பிடித்த ஆங்கிலத் தளபதி குரோம்வெல் இங்கேதான் அனுப்பினார். 1685-இல் இங்கிலாந்து மன்னருக்கு எதிரான மான்மத் கலகத்தில் தோற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஹென்றி பிட்மன் என்ற மருத்துவர் 1687-இல் ஓட்டைப் படகில் தப்பி, ஆளில்லாத தீவில் ஆமைக்கறி தின்று உயிர் பிழைத்த கதையைப் படித்த அன்றுதான் நம் கூட்டம் நிரம்பி வழிந்தது.

அடுத்த கூட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. அடிமைகளைவிட இந்த வேலையாட்களே அதிகம் வதைக்கப்பட்டார்கள், ஐந்தாண்டில் கைவிட்டுப் போகிறவர்களிடம் முதலாளிக்கு என்ன அக்கறை என்று 1647 முதல் மூன்றாண்டு அங்கே வாழ்ந்த ரிச்சர்ட் லிகன் எழுதியிருக்கிறார். இதை வைத்து, “அப்படியானால் இவர்களும் அடிமைகள்தானே?” என்றார் உறுப்பினர் ஒருவர். இல்லை என்பதே என் கட்சி. 1661-இல் அந்தத் தீவில் வேலையாட்களுக்கு ஒரு சட்டம், அடிமைகளுக்கு வேறு சட்டம் எனத் தனித்தனியாகவே போட்டார்கள். வேலையாளுக்குக் கெடு உண்டு. அவன் பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தது. ஆப்பிரிக்கத் தாயின் பிள்ளையோ பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்து. பட்ட துன்பம் பெரிதுதான், ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சர்க்கரைத் தோட்டங்கள் பெருகியதும் கெடு முடிந்தவர்களுக்கு நிலம் மிஞ்சவில்லை. இருந்தும் தோட்டக்காரர்கள் அவர்களை விடவில்லை. அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் துப்பாக்கி பிடிக்க வெள்ளை ஆள் வேண்டுமே! குடிப்படையில் சேரும் நிபந்தனையோடு தோட்ட ஓரத்தில் உதவாக்கரை நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். 1838-இல் அடிமைகளின் விடுதலை முழுமையானது, குடிப்படைக்குத் தேவை போனது, அந்தத் துண்டு நிலமும் போனது. செயிண்ட் ஜான் பகுதியில் ஹேக்கிள்டன் செங்குத்துப் பாறைக்குக் கீழே, மார்ட்டின்ஸ் பே கரையில் மீன்பிடித்தும் கிழங்கு போட்டும் ஒதுங்கினார்கள். வெறுங்காலோடு திரிந்தவர்களின் சோகையை ஊர் சோம்பேறித்தனம் என்றது. வெறுங்கால் வழியே உடலில் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவைப் பற்றிப் பிறகுதான் பேசினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பகுதியினரை வேறு தீவுகளில் குடியேற்றினார்கள். பெக்வேயின் மவுண்ட் பிளசன்ட், கிரெனடாவின் மவுண்ட் மோரிட்ஸ் ஊர்கள் அப்படி வந்தவை. வேண்டும்போது வேலியாக நட்டு, வேண்டாதபோது பிடுங்கிப் போட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சரி, அலுவல் விஷயங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூடம் தந்த நூலகத்தாருக்கு நன்றி. அடுத்த ஆண்டுக்கு ஹைட்டியின் போலந்துக்காரர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது: 1802-இல் நெப்போலியனின் படையோடு வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள், வெள்ளையருக்கு நிலவுரிமை மறுத்த 1805 அரசியல் சட்டம் போலந்துக்காரர்களுக்கு விலக்களித்தது, ஜெர்மானியர்களுக்கும்தான். பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். அப்புறம், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் பொருளாளர் உங்களைத் தேடி வரமாட்டார்.

இவண்,
செயலாளர்