கணக்கை எந்த ஆண்டில் தொடங்குகிறீர்கள்? சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், உறுப்பு நாடுகளின் ஆணையர்களுக்கும், செயலகத்தாருக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஒரு திமிங்கலக் கூட்டத்தில் இன்று எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கின்றன என்று நீங்கள் சொல்லும் இடத்திலெல்லாம், வேட்டை தொடங்குவதற்கு முன் எத்தனை இருந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே சொல்லுங்கள். உங்கள் அறிவியல் குழுவின் அறிக்கைகளுக்குள் இந்தக் கணக்குகள் இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் கூட்ட அரங்கிலும் செய்தித்தாள்களிலும் அடிபடுவது பெரும்பாலும் இன்றைய எண் மட்டும்தான். 2018 டிசம்பரில் ஜப்பான் உங்கள் அமைப்பிலிருந்து விலகப்போவதாக அறிவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, சில இனங்கள் போதுமான அளவுக்கு இருக்கின்றன என்பது. எதோடு ஒப்பிட்டால் போதுமானது?

அண்டார்டிக்காவுக்கு வடக்கே, தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவை எடுத்துக்கொள்வோம். 1904ல் நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன் அங்கே கிரிட்விகென் வேட்டை நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த அறுபது ஆண்டுகளில் அந்தத் தீவைச் சுற்றி 1,75,000 திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அவற்றில் நீலத் திமிங்கலம் மட்டும் 42,000க்கு மேல். பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கடலில் நீலத் திமிங்கலத்தைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. 2020ல் ஆய்வாளர்கள் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கண்டபோது உலகமெங்கும் அது மகிழ்ச்சியான செய்தியாக வந்தது. மகிழ்ச்சி நியாயமானதுதான், எனக்கும் இருந்தது. ஆனால் 42,000 என்பதை மறந்துவிட்டுப் படித்தால் அந்த ஐம்பது பெரிய எண்ணாகத் தெரியும்.

இதை ஏன் வேறு யாரிடமும் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்? இந்தக் கணக்கு குழம்பியதில் உங்கள் அமைப்புக்கே பங்கு உண்டு.

1946 டிசம்பரில் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கை உங்களுக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தது: திமிங்கலங்களைப் பாதுகாக்க வேண்டும், அதன் மூலம் வேட்டைத் தொழிலின் சீரான வளர்ச்சிக்கும் வழி செய்ய வேண்டும். இரண்டில் எது வென்றது என்பதற்கு, வேட்டை வரம்பை அளக்க வைத்திருந்த 'நீலத் திமிங்கல அலகு' ஒன்றே சாட்சி. ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. அதற்குச் சமமாக இரண்டு துடுப்புத் திமிங்கலங்கள், அல்லது இரண்டரை கூன்முதுகுத் திமிங்கலங்கள், அல்லது ஆறு ஸேய் திமிங்கலங்கள். எதை வைத்து இந்தச் சமன்? உடலிலிருந்து கிடைக்கும் எண்ணெயை வைத்து. இரண்டரைத் திமிங்கலம் என்று ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டு அதை உயிரினப் பாதுகாப்பு என்று எப்படி அழைத்தார்களோ, தெரியவில்லை.

அண்டார்டிக் கடலுக்கு ஆரம்பத்தில் ஒரு பருவத்துக்கு 16,000 அலகுகள் என்று வரம்பு இருந்தது. இந்த இனத்தில் இத்தனை, அந்த இனத்தில் இத்தனை என்று பிரிக்கவில்லை. முதலில் நாடுவாரியான பங்கீடும் கிடையாது. பருவம் தொடங்கும் நாளில் எல்லாக் கப்பல்களும் பாய்ந்து புறப்படும்; மொத்த வரம்பு நிரம்பும்வரை யார் அதிகம் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு லாபம். தொழிலில் இருந்தவர்களே இதற்கு 'திமிங்கல ஒலிம்பிக்' என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஈட்டிக்கு முழு அலகு கிடைக்கும் என்பதால் நீலத் திமிங்கலம் கண்ணில் பட்டால் யாரும் விடமாட்டார்கள். அது குறையக் குறைய மற்ற இனங்களை வைத்து வரம்பை நிரப்பிக்கொள்ளலாம். ஆக, ஒரு இனம் சரிந்துகொண்டிருக்கும்போதும் மொத்தக் கணக்கு நன்றாகவே இருப்பதுபோலக் காட்டும். துடுப்புத் திமிங்கலம் குறைந்ததும் ஸேய் திமிங்கலத்துக்கு மாறினார்கள், அப்புறம் இன்னும் சிறிய மிங்கி திமிங்கலத்துக்கு.

எச்சரிக்கை வராமலில்லை. 1960ல் நீங்களே டக்ளஸ் சாப்மன், ராட்வே ஆலன், சிட்னி ஹோல்ட் ஆகிய மூன்று அறிஞர்களைக் கொண்ட குழுவை அமைத்தீர்கள். 1963ல் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: நீலத் திமிங்கலத்தையும் கூன்முதுகுத் திமிங்கலத்தையும் பிடிப்பதை முழுவதும் நிறுத்துங்கள், துடுப்புத் திமிங்கல வேட்டையைப் பெருமளவு குறையுங்கள். அந்த அலகு முறை ஒழிய 1972 ஆயிற்று. அடுத்த ஆண்டு, அதாவது 1973ல், அண்டார்டிக் நீலத் திமிங்கலங்கள் சுமார் 360 மட்டுமே மிஞ்சியிருந்தன என்பது பின்னால் செய்த மதிப்பீடு. வேட்டைக்கு முன் அவை சுமார் 2,39,000. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. ஒரு பெண் நீலத் திமிங்கலம் ஏறக்குறைய ஓர் ஆண்டு சுமந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி ஈனும். 1998ல் மதிப்பிட்டபோது எண்ணிக்கை 2,280. பெருகிய வேகத்தைப் பார்த்தால் நல்ல முன்னேற்றம். பழைய எண்ணோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

பொய்க் கணக்கு வேறு இருந்தது. 1948க்கும் 1973க்கும் இடையே சோவியத் கப்பல்கள் தெற்குக் கடல்களில் 48,000க்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. உங்களிடம் கொடுத்த கணக்கில் இருந்தது சுமார் 2,700. இதை 1993ல் ரஷ்ய உயிரியலாளர் அலெக்சி யாப்லகோவ் வெளிப்படுத்திய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் எத்தனையோ விவாதங்களும் முடிவுகளும் அந்தப் பொய் எண்ணின் மேல் நடந்து முடிந்துவிட்டன. அரபிக் கடலில் 1966 நவம்பரில் மட்டும் 238 கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பிடித்தார்கள். அந்தக் கூட்டம் மற்றவற்றைப்போல அண்டார்டிக்கா நோக்கிப் போவதில்லை. ஆண்டு முழுவதும் அதே கடலில் வாழ்கிறது. இன்று ஓமன் கரையோரம் நூறுக்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சர்வதேசப் பார்வையாளர்களைக் கப்பலில் ஏற்றும் ஏற்பாடே 1972ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு நாட்டின் கப்பலைக் கண்காணித்தது அதே நாட்டுக்காரர்.

நீங்கள் நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1982ல் வணிக வேட்டைக்குத் தடை போட்டீர்கள், 1985-86 பருவத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. சோவியத் பொய்களைக் கண்டறிந்தபின் உங்கள் பதிவுகளைத் திருத்தினீர்கள். பாதுகாப்பு பலன் தரும் என்பதற்குத் தென்மேற்கு அட்லாண்டிக்கின் கூன்முதுகுத் திமிங்கலங்கள் நல்ல உதாரணம். 1950களில் சுமார் 450 ஆகக் குறைந்திருந்தவை இப்போது 25,000 அளவுக்கு வந்து, பழைய எண்ணிக்கையை நெருங்கிவிட்டன. இங்கேயும் பழைய எண் தெரிந்ததால்தான் அது உண்மையான மீட்சி என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் கதை வேறு. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைக் கடலோரத்துப் பாஸ்க் மக்கள் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகள் வேட்டையாடப்பட்டது அது. 1935 முதல் சர்வதேசப் பாதுகாப்பு இருந்தும் இன்று 400க்கும் குறைவாகத்தான் இருக்கிறது. இப்போது அதைக் கொல்வது ஈட்டி இல்லை; மீன்பிடிக் கயிறும் கப்பல் மோதலும். ஆனால் வேட்டை அதை அவ்வளவு சிறிய கூட்டமாக விட்டுச் சென்றதால், குட்டி ஈனும் பெண் ஒன்று கயிற்றில் சிக்கிச் செத்தாலும் மொத்தக் கூட்டமே அதை உணர்கிறது.

எல்லா இனங்களையும் சேர்த்து, இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் ஏறக்குறைய 29 லட்சம். திமிங்கலச் சாணத்தின் இரும்புச்சத்து மேல்மட்டக் கடலுக்கு உரமாகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கடல் இழந்தது திமிங்கலங்களை மட்டுமல்ல.

பழைய எண்களில் உறுதி இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். வட அட்லாண்டிக்கில் ஒரு காலத்தில் 2,40,000 கூன்முதுகுத் திமிங்கலங்கள் இருந்திருக்கலாம் என்று 2003ல் மரபணுவை வைத்துக் கணக்கிட்டார்கள். வேட்டைப் பதிவுகளை வைத்துச் சொல்லிவந்ததோ 20,000 அளவு. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! சரி, இரண்டையும் போடுங்கள், எந்த முறையில் வந்தது என்றும் எழுதுங்கள். உறுதியில்லாத எண்ணைவிட ஆபத்தானது காலியான கட்டம். காலியாக விட்டால், முதன்முதலில் ஒழுங்காக எண்ணத் தொடங்கிய ஆண்டையே எல்லோரும் ஆரம்பமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆண்டு பெரும்பாலும் வேட்டை முடிந்த பிறகு வந்தது.

வேட்டை விதிகளைக் கொண்ட உங்கள் அட்டவணையில் ஒரு வரியை மாற்ற நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை என்பதும், மாற்றினாலும் தொண்ணூறு நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவித்து ஒரு நாடு விலகிக்கொள்ளலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. நான் கேட்பதற்கு அது எதுவும் வேண்டாம். இது சாதாரணத் தீர்மானம், சாதாரணப் பெரும்பான்மை போதும். அடுத்த கூட்டத்தில் ஏதாவது ஓர் உறுப்பு நாடு இதை முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு வாசகர்