குறடு எடுக்கும் காலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் நெருங்குகிறது. மூஞ்சிக்கல், செண்பகனூர், பெருமாள்மலை, பூம்பாறை என்று கொடைக்கானல் மலை எங்கும் "இந்த வருஷமாவது புது ஆளாகணும்" என்ற பேச்சு எழும். அந்த ஆசை உண்மையானது. ஆனால் பலருக்கு அது உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) வரைகூட நிற்பதில்லை. என்ன வேலையை, எந்த வரிசையில் செய்வது என்று தெரியாமல் தொடங்குவதே முக்கியக் காரணம்.

ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் நம் சலேத் மாதா திருவிழாவுக்குக் கூட்டம் சேர்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் கண்ட காட்சி. முகத்தைக் கைகளில் புதைத்து அன்னை அழுதுகொண்டிருந்தார். அவர் மார்பிலிருந்த சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. பாவம் ஆணி அறைகிறது, மனந்திரும்புதல் அந்த ஆணியைப் பிடுங்குகிறது என்பது மரபான விளக்கம். தவக்காலத்தில் முதலில் கையில் எடுக்க வேண்டியது குறட்டைத்தான்.

அதாவது, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது. பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்துவிட்டால் கடனும் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேரட்டிலும் பூண்டிலும் எடை குறைத்தது, தோட்டக் கூலியைப் பிடித்து வைத்தது, சீட்டுப் பணத்தை இழுத்தடித்தது எல்லாம் மன்னிக்கப்படும். பணம் மட்டும் உரியவருக்குப் போயே ஆக வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. யாரும் இல்லையென்றால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாவிட்டால் தவணையாக. பெயர் வெளியே தெரிந்தால் குடும்பம் சிதையும் என்ற நிலையில், குருவானவர் வழியாக ரகசியமாகவும் சேர்க்கலாம். லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் சக்கேயு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிப்பது அதற்கு அடுத்த வரியில்.

பேச்சுவார்த்தை அறுந்த அண்ணன் தம்பிகளுக்கும் இதே முறைதான். போனவுடன் விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் "நீயும்தானே செஞ்ச" என்று பழைய வரப்புச் சண்டை திரும்பிவிடும். நான் செய்தது இது, மன்னித்துக்கொள் என்பதோடு நிறுத்திவிட வேண்டும். அவர் கதவைச் சாத்தினாலும் உங்கள் பங்கு முடிந்தது. இன்னொரு நாள் போகலாம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாளே கால் மணி நேரம் பத்துக் கட்டளைகளை வைத்து மனதைச் சோதியுங்கள். சாவான பாவம், அதாவது கனமான பாவம் என்றால் என்ன வகை, ஏறக்குறைய எத்தனை முறை என்று சொன்னால் போதும். நீண்ட கதையும் மாமியார் குற்றமும் அங்கே தேவையில்லை. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின பெரிய வாரத்தில் வரிசை நீளும்போது ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது. முதல் இரண்டு வாரத்தில் வந்தால் நிதானமாக ஆலோசனையும் கேட்கலாம். பாவப் பரிகாரமாகக் குருவானவர் கொடுத்த அபராதத்தை அன்றே தீர்ப்பது நல்லது, தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.

ஒருசந்தி (நாளுக்கு ஒரே முழு உணவு) 18 முதல் 59 வயது வரையுள்ளோருக்கு; சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது நிறைந்த எல்லோருக்கும். இதற்கு மேல் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்கும் ஒறுத்தல் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து எடுப்பவர்கள் இரண்டாம் வாரம் ஐந்தையும் விடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து. வீட்டார் அதைப் பேய்க்கோளாறு என்று எண்ணி ஜெபத்துக்கு மட்டும் கூட்டிப்போய் நேரத்தை இழக்கக் கூடாது. நேர்ந்துகொள்ளும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையோடு விடுவதால் நேர்த்தி ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலைத் தயாரிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. போன ஆண்டுக் குருத்தோலையை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். நம் மலைப் பனியில் ஈரம் பிடித்த ஓலை புகையும், கரியாகத்தான் நிற்கும். மெல்லிய துணியில் சலியுங்கள். தண்ணீரில் குழைத்து வைக்கவே வேண்டாம். சாம்பலின் காரம் நீரில் கரைந்து நெற்றித் தோலைப் புண்ணாக்கும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

இந்த நாற்பது நாளும் போய்ச் சேருவது, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை இரவான பாஸ்கா இரவில். கோவிலுக்கு வெளியே புது நெருப்பு, அதிலிருந்து பாஸ்கா திரி, பிறகு கையில் மெழுகுவத்தியோடு திருமுழுக்கு (ஞானஸ்நான) வாக்குறுதிகளைப் புதுப்பித்தல். மூன்று கேள்விக்கு "விட்டுவிடுகிறேன்", மூன்று கேள்விக்கு "நம்புகிறேன்". உயிர்ப்பு விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வருவதால், பல ஆண்டுகளில் சீசன் தொடக்கத்தோடு மோதுகிறது. விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளும், வண்டி ஓட்டுபவர்களும் அந்த இரவைத்தான் முதலில் இழக்கிறார்கள். எந்த மதத்தினராயிருந்தாலும் முதலாளிகள் அந்தச் சனிக்கிழமை இரவில் மூன்று மணி நேரம் மட்டும் அவர்களை விடுவிக்க வேண்டுமென்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கொடைக்கானல்.